கரையாத மருந்தை நீரில் ஏற்றுவது எப்படி: குர்க்குமினும் பாலிமர் மைசெல்லும்

ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கினால் சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடும். அதே தூளைச் சூடான எண்ணெயில் போட்டால் எண்ணெயே மஞ்சளாகிவிடும். மஞ்சளுக்கு அந்த நிறத்தைத் தரும் குர்க்குமின் எண்ணெயோடு சேரும், தண்ணீரோடு சேராது. ஒரு மி.லி. நீரில் அது ஏறத்தாழ 11 நானோகிராம்தான் கரையும். புற்றுநோய் மருந்தான பேக்லிடாக்சல் முதற்கொண்டு எத்தனையோ மருந்துகளின் பாடும் இதுதான். சோதனைக் குழாயில் நன்றாக வேலை செய்யும், உடலுக்குள் கொண்டுபோக வழி இருக்காது.

பாலிமர் மைசெல் அதற்கு ஒரு வழி. ஒரு முனை நீரை விரும்புவதாகவும் மறுமுனை நீரை வெறுப்பதாகவும் அமைந்த நீண்ட மூலக்கூறுகளை நீரில் விட்டால், வெறுக்கும் முனைகள் ஒன்றுகூடி உள்ளே ஒளிந்துகொள்ளும், விரும்பும் முனைகள் வெளியே நீரை நோக்கி விரிந்து நிற்கும். இப்படி உருவாகும் உருண்டைதான் மைசெல். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதும் இதே முறையில்தான். உள்ளே இருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள கருவில் மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் மைசெல்லை ஒரு குப்பி என்று நினைத்துவிடுகிறார்கள். மருந்தை உள்ளே போட்டு மூடிவிட்டால் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறார்கள். மைசெல் மூடிய பாத்திரம் அல்ல. தனி மூலக்கூறுகள் சேர்ந்தும் பிரிந்தும் நிற்கும் ஒரு சமநிலை அது. வெப்பநிலை இறங்கினாலோ நீர் கூடினாலோ அந்தச் சமநிலை நகரும், மருந்து வெளியே விழும். கீழே வரும் படிகளில் எது தவறினாலும் காரணத்தை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

பயிற்சிக்குக் குர்க்குமினைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது மலிவு. நச்சுத்தன்மை குறைவு. எல்லாவற்றையும்விட, அது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். கருவி சொல்லுமுன் நிறம் சொல்லிவிடும். ஆனால் இது ஆய்வகப் பயிற்சி மட்டுமே. இங்கே செய்வதை யாரும் குடிக்கவோ ஊசியில் ஏற்றவோ கூடாது.

பாலிமரின் பெயரில் இருக்கும் கணக்கு

நாம் பயன்படுத்தப்போவது பாலாக்சாமர் 407. புளூரானிக் எஃப்127 என்பதும் இதுவே, வணிகப் பெயர் மட்டும் வேறு. நடுவில் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு, இரு பக்கமும் பாலிஎத்திலீன் ஆக்சைடு என மூன்று துண்டுகள் கொண்ட சங்கிலி இது. நடுத்துண்டு நீரை வெறுக்கும், பக்கத்துண்டுகள் நீரை விரும்பும். மூலக்கூறு எடை ஏறத்தாழ 12,600.

பெயரிலேயே அமைப்பு எழுதியிருக்கிறது. 407 என்பதில் முதல் இரண்டு இலக்கங்களை 100ஆல் பெருக்கினால் 4,000, இது நடுத்துண்டின் தோராய எடை. கடைசி இலக்கத்தை 10ஆல் பெருக்கினால் 70, இது நீர்விரும்பும் பகுதியின் சதவீதம். இதைப் புரிந்துகொண்டவர் பாலாக்சாமர் 188 என்ற புட்டியைப் பார்த்ததுமே, நடுத்துண்டு 1,800தான், நீர்விரும்பும் பகுதி 80%, ஆகவே கரு சிறியது, கரையாத மருந்துக்கு அவ்வளவு உதவாது என்று ஊகித்துவிடலாம்.

அடுத்தது சி.எம்.சி. எனப்படும் மாறுநிலைச் செறிவு. பாலிமரின் செறிவு இதற்குக் கீழே இருந்தால் மூலக்கூறுகள் தனித்தனியாகவே மிதக்கும், மைசெல் உருவாகாது. எஃப்127இன் சி.எம்.சி. வெப்பநிலையோடு கடுமையாக மாறும். சாயமூலக்கூறு முறையில் அளந்த மதிப்புகளில் 20°செ.-யில் ஏறத்தாழ 4%, 25°செ.-யில் 0.7%, 30°செ.-யில் 0.1%, 35°செ.-யில் 0.025%. அளக்கும் முறையும் பாலிமர் தொகுதியும் மாறினால் இந்த எண்களும் மாறும், ஆனால் போக்கு மாறாது. பதினைந்து டிகிரி ஏறியதில் நூறு மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. காரணம் நடுத்துண்டு. குளிரில் அது நீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு கரைந்தே கிடக்கும். சூடேறினால் அந்த நீரை உதறிவிட்டு ஒன்றுகூடும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். இந்த நான்கு எண்களையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தேவையானவை

பாலாக்சாமர் 407, 500 மி.கி. குர்க்குமின், 10 மி.கி. எத்தனால் (99% அல்லது அதற்கு மேல்). 10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), பி.எச். 5.5. 250 மி.லி. உருண்டை அடிக் குடுவை, ரோட்டரி எவாப்பரேட்டர் (குடுவையைச் சுழற்றியபடி வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி), 0.1 மி.கி. வரை காட்டும் தராசு, யுவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர், 0.22 மைக்ரான் பாலிஈதர்சல்ஃபோன் சிரிஞ்சு வடிகட்டி. குடுவையைச் சுற்ற அலுமினியத் தாள் கட்டாயம் வேண்டும், குர்க்குமின் வெளிச்சத்தில் சிதையும்.

கடையில் குர்க்குமின் என்று விற்கும் பொடி பெரும்பாலும் மூன்று சேர்மங்களின் கலவை. அதில் முக்கால் பங்குக்கு மேல் குர்க்குமின், மீதி டிமெத்தாக்சி, பிஸ்டிமெத்தாக்சி வகைகள். பயிற்சிக்கு இதுவே போதும். ஆனால் மைசெல் செய்வதற்கும் அளவுத்திருத்தக் கோடு வரைவதற்கும் ஒரே புட்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றுக்குத் தூயதும் மற்றொன்றுக்குக் கலவையும் எடுத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

மருந்தையும் பாலிமரையும் ஒரு கரைப்பானில் கரைத்து, கரைப்பானை ஆவியாக்கிப் படலமாக்கி, பிறகு அதில் நீர் ஊற்றி மைசெல் ஆக்குவதே நம் முறை. கரைப்பானாக எத்தனாலை எடுத்ததும் காரணத்தோடுதான். மருந்தில் மிஞ்சலாம் என்று மருந்துத் தரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எச்.-இன் வழிகாட்டல் அனுமதிக்கும் அளவு எத்தனாலுக்கும் அசிட்டோனுக்கும் 5,000 பி.பி.எம். டைக்குளோரோமீத்தேனுக்கு 600, அசிட்டோநைட்ரைலுக்கு 410, குளோரோஃபார்முக்கு 60. குளோரோஃபார்மில் படலம் அழகாக வருகிறது என்று அதில் பழகிவிட்டால் பிறகு அதை விரட்டுவது பெரும்பாடு.

பஃபர் ஏன் 5.5? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி நீர் சிவக்கிறதல்லவா, அதே வேதியியல்தான். காரத்தில் குர்க்குமினின் ஃபீனால் தொகுதிகள் புரோட்டானை இழக்கின்றன, நிறம் சிவப்புப் பக்கம் போகிறது, மூலக்கூறும் வேகமாக உடைகிறது. அவ்வளவு காரம்கூட வேண்டாம். பி.எச். 7.2 பாஸ்பேட் பஃபரில் 37°செ.-யில் அரைமணி நேரத்துக்குள் ஏறத்தாழ 90% சிதைந்துவிடும். மைசெல்லுக்குள் இருப்பது ஓரளவு பாதுகாப்பு தரும், ஆனால் அதை நம்பிக் காரத்தில் தொடங்கக் கூடாது. எந்தக் கட்டத்திலாவது கரைசல் பொன்மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குத் திரும்பினால் உடனே பி.எச். பாருங்கள்.

படலம் போடுதல்

குர்க்குமின் 10 மி.கி., பாலாக்சாமர் 500 மி.கி. இரண்டையும் குடுவையில் எடுக்கவும். அதற்கு முன் வெற்றுக் குடுவையின் எடையைக் குறித்துக்கொள்ளவும். எத்தனால் 10 மி.லி. சேர்த்து 40°செ. நீர்த்தொட்டியில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் ஐந்து பத்து நிமிடத்தில் இரண்டும் கரைந்துவிடும். குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு துகள்கூட மிதக்கக் கூடாது. இந்த இடத்தில் கரையாமல் விட்ட துகள் கடைசிவரை கரையாது.

குடுவையை எவாப்பரேட்டரில் மாட்டி நிமிடத்துக்கு 80 முதல் 100 சுற்று, தொட்டி 45°செ. என வைக்கவும். வெற்றிடத்தை ஒரேயடியாகத் திறந்தால் கரைசல் பொங்கி ஆவியைக் குளிர்விக்கும் குழாய்க்குள் ஏறிவிடும். 40°செ.-யில் எத்தனால் ஏறத்தாழ 175 மில்லிபாரில் கொதிக்கும். ஆகவே முதலில் 300, பிறகு மெல்ல 175, திரவம் போனதும் 50க்குக் கீழே. தொட்டியை 50°செ.-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பாலாக்சாமர் 407 ஐம்பத்தைந்து டிகிரி வாக்கில் உருகும், உருகினால் சுவரில் பரவியது எல்லாம் வழிந்து அடியில் கட்டியாகும்.

நல்ல படலம் குடுவைச் சுவரில் சீரான மஞ்சள் மெழுகுப் பூச்சுபோல் இருக்கும். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளிகளோ ஊசிகளோ தெரிந்தால் குர்க்குமின் பாலிமரைவிட்டுத் தனியாகப் படிகமாகியிருக்கிறது. அதன்மேல் நீர் ஊற்றிப் பயனில்லை. மறுபடி எத்தனால் விட்டுக் கரைத்து, இம்முறை சற்று வேகமாக ஆவியாக்குங்கள். மெதுவாக உலர்ந்தால் படிகமாக அவகாசம் கிடைத்துவிடுகிறது.

கடைசியாக 50 மில்லிபாருக்குக் கீழே அரைமணி, பிறகு வெற்றிட உலர்த்தியில் ஓர் இரவு. காலையில் எடை போடுங்கள். வெற்றுக் குடுவையைவிட 510 மி.கி. கூடியிருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் எத்தனால் இன்னும் உள்ளே இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை வரும்வரை உலர்த்துங்கள். ரோட்டரி இல்லாத ஆய்வகத்தில் அகலமான பெட்ரி தட்டில் ஊற்றி, புகைப்போக்கி அறைக்குள் 45°செ. நீர்த்தொட்டிமேல் நைட்ரஜன் ஊதி உலர்த்தலாம். எத்தனால் ஆவிக்கு அருகில் சுடரோ சூடான தட்டோ வேண்டவே வேண்டாம்.

நீரேற்றம்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். பாலாக்சாமர் குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது உண்மை. வெறும் பாலாக்சாமர் கரைசலோ ஜெல்லோ செய்யக் குளிர்நீர்தான் சரி. ஆனால் மருந்து ஏற்றிய படலத்தில் குளிர்நீரை ஊற்றினால் பாலிமர் தனித்தனி மூலக்கூறாகக் கரைந்து ஓடிவிடும், மைசெல் உருவாகாது, குர்க்குமின் அநாதையாக அடியில் நிற்கும். பிறகு சூடாக்கி மைசெல் உருவானாலும், ஒருமுறை படிகமானது திரும்ப உள்ளே போகத் தயங்கும்.

ஆகவே பஃபரை 45°செ.-க்குச் சூடாக்கிக்கொண்டு 10 மி.லி. ஊற்றுங்கள். வெற்றிடம் இல்லாமல் குடுவையை அதே 45°செ. தொட்டியில் இருபது முப்பது நிமிடம் சுழல விடுங்கள். படலம் சுவரிலிருந்து கழன்று கரைந்து, தெளிவான பொன்மஞ்சள் நீர் வரும். சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் சோனிக்கேட்டர் தொட்டியில் இரண்டு நிமிடம் போதும்.

தெளிவைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. குடுவைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். சிறிய எழுத்தும் கூர்மையாகப் படிக்க வந்தால் நல்லது. எழுத்து மங்கினால், மஞ்சள் பால்போல் கலங்கினால், பெரிய துகள்கள் இருக்கின்றன.

இப்போது பாலிமர் 5%, குர்க்குமின் ஒரு மி.லி.-க்கு ஏறத்தாழ 1 மி.கி. கரைசலை 25 முதல் 30°செ.-க்கு மெல்ல ஆறவிட்டு ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள். விழ வேண்டியது விழட்டும். பிறகு 3,000 ஜி விசையில் பத்து நிமிடம் மையவிலக்கு. இங்கே ஒன்றைக் கவனமாகப் பாருங்கள்: குளிரூட்டும் மையவிலக்கி என்றால் முந்தையவர் வைத்துவிட்டுப்போன 4°செ. அப்படியே இருக்கும். அதில் சுற்றினால் மைசெல்கள் கலைந்து, குழாயின் அடியில் அழகான மஞ்சள் வில்லை படியும். ஏற்றம் தோற்றுவிட்டது என்று மாணவர் வருந்துவார், தோற்றது வெப்பநிலை அமைப்பு. 25°செ. வைத்துவிட்டுத்தான் மூடியை மூட வேண்டும். குளிர்சாதனம் 20°செ.-யில் ஓடும் கருவி அறையும் இதே வேலையைக் காட்டும். அந்த வெப்பத்தில் சி.எம்.சி. 4%, நம் கரைசல் 5%. விளிம்பில் நிற்கிறோம்.

மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்துங்கள். மைசெல் 20–30 நானோமீட்டர்தான், அது தாராளமாகப் போகும். கரையாத குர்க்குமின் துகள் நின்றுவிடும். நீரில் தனியாகக் கரையும் அளவு அவ்வளவு சொற்பம் என்பதால், வடிந்து வந்த குர்க்குமின் முழுவதும் மைசெல்லுக்குள் இருப்பது என்றே கொள்ளலாம். நன்றாகக் கரையும் மருந்துக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது. நைலான் வடிகட்டி வேண்டாம், ஃபீனால் சேர்மங்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பாலிஈதர்சல்ஃபோனிலும் முதல் 1 மி.லி.-ஐத் தள்ளிவிட்டு மீதியை எடுங்கள்.

எவ்வளவு ஏறியது?

குர்க்குமின் 10 மி.கி.-ஐ எத்தனாலில் கரைத்து 10 மி.லி. ஆக்கவும். அதில் 0.5 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்கினால் மி.லி.-க்கு 10 மைக்ரோகிராம். இதிலிருந்து 1, 2, 3, 4, 5 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 10 மி.லி. ஆக்கினால் 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை ஐந்து புள்ளிகள். 425 நானோமீட்டரில் அளக்கவும். ஒரு மைக்ரோகிராமுக்கு உட்கவர்திறன் ஏறத்தாழ 0.16 வரும், ஐந்துக்கு 0.80. பாதிதான் வருகிறது என்றால் பொடி பழையதா, புட்டி வெளிச்சத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

வடிகட்டிய மைசெல் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து எத்தனாலால் 10 மி.லி. ஆக்குங்கள். எத்தனாலில் மைசெல் கலைந்து குர்க்குமின் முழுதும் வெளியே வந்துவிடும், அதனால்தான் அதே கோட்டோடு ஒப்பிட முடிகிறது. நீரிலேயே நீர்த்து அளந்தால் மைசெல்லுக்குள் இருக்கும் குர்க்குமினை எத்தனால் கோட்டோடு ஒப்பிடுவதாகும், அது தவறு. மருந்தில்லாத வெற்று மைசெல்லையும் இதேபோல் நீர்த்து, 425இல் அது எதையும் உட்கவரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: உட்கவர்திறன் 0.72 என்றால் செறிவு 4.5 மைக்ரோகிராம். 200 மடங்கு நீர்த்ததால் மூலக் கரைசலில் 900 மைக்ரோகிராம், அதாவது மி.லி.-க்கு 0.9 மி.கி. பத்து மி.லி.-யில் 9 மி.கி. போட்டது 10, பிடித்தது 9, ஆகவே பொதிவுத்திறன் 90%. மருந்து ஏற்றம் என்பது வேறு: 9-ஐ 509ஆல் வகுத்தால் 1.8%. முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு இரண்டாவதை எழுதாமல் விடும் பழக்கம் வேண்டாம். நோயாளிக்குள் எவ்வளவு பாலிமர் போக வேண்டியிருக்கும் என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும்.

ஆவியாதலால் நீர் குறைந்திருந்தால் செறிவு கூடித் தெரியும். குடுவையை மறுபடி எடைபோட்டு, குறைந்த அளவுக்குப் பஃபரைச் சேர்த்த பிறகே அளவெடுங்கள்.

1:50 விகிதம் வெற்றிகரமாக வந்தபின் 1:25, 1:10 என்று பாலிமரைக் குறைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். ஒரு கட்டத்தில் நீரேற்றும்போது தெளிவாக இருந்தது மறுநாள் காலையில் கலங்கியிருக்கும். அந்த விகிதத்துக்குச் சற்று முன்புதான் இந்த மருந்துக்கும் இந்தப் பாலிமருக்கும் எல்லை. ஆகவே எந்த விகிதத்தையும் செய்த அன்றே வெற்றி என்று எழுதாதீர்கள். 24 மணி நேரம் கழித்து மறுபடி வடிகட்டி அளந்து, எவ்வளவு நின்றிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அளவும் மாறுநிலைச் செறிவும்

ஒளிச்சிதறல் கருவியில் அளவு பார்க்கும்போது மாதிரியை நீர்ப்பது வழக்கம். எஃப்127-ஐப் பத்து மடங்கு நீர்த்து 25°செ.-யில் வைத்தால் செறிவு 0.5%, சி.எம்.சி.-க்குக் கீழே. திரையில் 5 நானோமீட்டர் அருகே ஒரு முகடு தெரியும், அது தனி மூலக்கூறு. குர்க்குமின் விழுந்திருந்தால் பல நூறு நானோமீட்டரில் இன்னொன்றும் தெரியும். நீர்க்காமல் 5%-இலேயே வைத்தால் பாகுநிலையும் மைசெல்களுக்கிடையேயான தள்ளுமுள்ளும் எண்ணைக் கெடுக்கும். 1% ஆக நீர்த்து, 37°செ.-யில் வைத்து, ஐந்து நிமிடம் வெப்பம் சமமாகவிட்டு அளவெடுப்பதே சரி. நீர்க்கும் பஃபரும் முன்பே சூடாகவும் வடிகட்டியதாகவும் இருக்கட்டும், ஒரு தூசி போதும் வளைவைக் கெடுக்க.

சி.எம்.சி.-யை நீங்களே அளக்க விரும்பினால் பைரீன் என்ற ஒளிரும் மூலக்கூறைக் கொண்டு அளக்கும் முறை எளிது. பைரீனை அசிட்டோனில் கரைத்துக் குப்பிகளில் இட்டு, அசிட்டோன் முழுதும் போனபின் வெவ்வேறு செறிவுப் பாலிமர் கரைசலை ஊற்றி, பைரீன் 6×10⁻⁷ மோலார் இருக்கும்படி செய்யுங்கள். ஓர் இரவு வைத்து, உமிழ்வில் 373, 384 நானோமீட்டர் முகடுகளின் விகிதம் பாருங்கள். பைரீன் எண்ணெய்க் கருவுக்குள் நுழையும்போது அந்த விகிதம் விழும். குர்க்குமின் உள்ள மாதிரியில் இதைச் செய்யாதீர்கள், அதன் சொந்த ஒளிர்வும் உட்கவர்தலும் குறுக்கே வரும்.

வெளியேற்றம்

நனைத்துக் கழுவிய டயாலிசிஸ் பையில் (12,000–14,000 டால்டன் வரம்பு) 0.5 மி.லி. மைசெல் கரைசலை இட்டுக் கட்டவும். பையில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள், சவ்வூடுபரவலால் நீர் உள்ளே வந்து பை உப்பும். 37°செ.-யில் 100 மி.லி. ஊடகத்தில் மிதக்கவிட்டு, நிமிடத்துக்கு 100 சுற்றில் அசைக்கவும். 0.5, 1, 2, 4, 8, 12, 24, 48 மணியில் 1 மி.லி. எடுத்து, அதே அளவு சூடான புதிய ஊடகம் சேர்க்கவும். ஒவ்வொரு முறையும் எடுத்துப்போன மருந்தை அடுத்தடுத்த கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஊடகம்தான் இங்கே சிக்கல். வெறும் பஃபரில் குர்க்குமின் கரையாதே, பிறகு எங்கே வெளியேறும்? வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே நிற்பதைப் பார்த்து, அருமையான நீடித்த வெளியேற்றம் என்று எழுதப்பட்ட வரைபடங்கள் உண்டு. ஆகவே ஊடகத்தில் 0.5% ட்வீன் 80 (சோப்பு போலக் கரைக்க உதவும் பொருள்) சேர்க்கவும். முதலில் அந்த ஊடகத்தில் குர்க்குமின் எவ்வளவு கரைகிறது என்று தனியாக அளக்கவும். பையில் உள்ள மொத்த மருந்தையும் கரைக்கத் தேவையானதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஊடகம் இருக்க வேண்டும். நம் கணக்கில் 0.45 மி.கி. மருந்து முழுதும் வந்தால் மி.லி.-க்கு 4.5 மைக்ரோகிராம், ஆகவே கரைதிறன் 13.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சரி. இதற்கான அளவுத்திருத்தக் கோட்டை எத்தனாலில் அல்ல, இதே ஊடகத்தில் வரைய வேண்டும்.

இரண்டு ஒப்பீடுகள் இல்லாமல் இந்த வரைபடத்தை யாரும் நம்பக் கூடாது. ஒன்று, மைசெல் இல்லாமல் சிறிது எத்தனாலில் கரைத்த குர்க்குமினை அதே பையில் வைத்து ஓட்டுவது. அதுவும் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டால் தாமதம் பையினுடையது, மைசெல்லினுடையது அல்ல. இரண்டாவது, கடைசியில் பையைத் திறந்து உள்ளே மிஞ்சியதை அளப்பது. வெளியே வந்ததும் உள்ளே மிஞ்சியதும் சேர்ந்து போட்டதில் 90%-க்கு அருகே வர வேண்டும். 60 வந்தால் மீதி 40 சிதைந்துவிட்டது. பி.எச். 7.4இல் குர்க்குமினோடு வேலை செய்தால் இது நடந்தே தீரும், அதனால் பயிற்சிக்குப் பி.எச். 5.5 ஊடகத்திலேயே தொடங்குங்கள்.

நீர்த்துப் பார்த்தல், சேமித்தல்

ஊசியாக ஏற்றினால் என்ன ஆகும் என்று தாளில் கணக்கிடலாம். 5% கரைசல் 10 மி.லி., உடலில் இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். 500 மடங்கு நீர்த்து 0.01% ஆகிறது. 35°செ.-க்குச் சொன்ன சி.எம்.சி. 0.025%. உடல் வெப்பத்தில் அது இன்னும் குறையும் என்றாலும் மைசெல் கலையும் எல்லைக்கே வந்துவிட்டோம், அல்புமின் போன்ற புரதங்கள் மருந்தைப் பறிப்பது இதில் சேரவில்லை. ஆய்வகத்தில் 37°செ. பஃபரில் 10, 50, 100, 500 மடங்கு நீர்த்து, 24 மணி நேரம் வைத்து, வடிகட்டி, எவ்வளவு குர்க்குமின் இன்னும் கடந்து வருகிறது என்று அளந்தால் எந்த நீர்ப்பில் மைசெல் கைவிடுகிறது என்பது கையிலேயே கிடைக்கும்.

இரத்தத்தில் செலுத்தும் மருந்துகளுக்கு பி.இ.ஜி.-யோடு (நீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால்) பாலிலாக்டைடு அல்லது பாலிகாப்ரோலாக்டோன் இணைந்த பாலிமர்களை நாடுவது இதனால்தான். அவற்றின் சி.எம்.சி. லிட்டருக்குச் சில மி.கி. அளவில்தான் இருக்கும். கரு இறுகியது, கலையவும் நேரம் எடுக்கும். 2007இல் தென்கொரியாவில் அனுமதி பெற்ற ஜெனெக்சால்-பி.எம். இந்த வகை. அதில் 30 மி.கி. பேக்லிடாக்சலுக்கு 150 மி.கி. பாலிமர், ஏற்றம் 16.7%. பழைய டாக்சால் ஊசியில் மி.லி.-க்கு 6 மி.கி. மருந்தைக் கரைக்க 527 மி.கி. கிரெமோஃபோர் இ.எல். என்ற கரைப்புத் துணைப்பொருள் தேவைப்பட்டது, பாதி எத்தனால். அந்த கிரெமோஃபோர் கொண்டுவரும் ஒவ்வாமைக்காக முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. 1.8%-க்கும் 16.7%-க்கும் உள்ள தொலைவு எதைக் குறிக்கிறது என்பது இப்போது புரியும்.

சேமிப்பில் பலரும் செய்வது, இரவு கிளம்பும்முன் குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. எஃப்127க்கு அதைச் செய்யாதீர்கள். 4°செ.-யில் 5% கரைசலில் மைசெல்லே இருக்காது, காலையில் அடியில் மஞ்சள் தூள் கிடக்கும். 25 முதல் 30°செ.-யில், தாள் சுற்றி, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்துங்கள். நீண்ட நாள் வேண்டுமென்றால் நீரேற்றாத படலமாகவே உலர்த்தியில் வைத்துவிட்டு, தேவைப்படும் அன்று 45°செ. பஃபர் ஊற்றுவது எளிது. உறைநிலை உலர்த்தலுக்குப் போனால் 5% டிரெஹலோஸ் அல்லது சுக்ரோஸ் சேருங்கள், இல்லாவிட்டால் உறையும்போது பாலிஎத்திலீன் ஆக்சைடு படிகமாகி மைசெல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த பொடியைத் திரும்பக் கரைக்கவும் அதே சூடான பஃபர்தான்.

பி.இ.ஜி.-பாலிலாக்டைடுக்கு மாறும்போது முறை ஏறத்தாழ இதுவே. படலத்துக்கு எத்தனாலுக்குப் பதில் அசிட்டோன், நீரேற்றும் நீர் 60°செ. எஸ்டர் பிணைப்புகள் நீரில் மெல்ல அறுபடும் என்பதால் கரைசலாக நாள்கணக்கில் வைக்காமல் அன்றன்றே செய்து அளவெடுங்கள். குடுவையில் ஒட்டிய மஞ்சள் கறை சோப்பில் போகாது, 5 மி.லி. அசிட்டோன் விட்டுச் சுழற்றி, கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவுங்கள்.